காலி ஜாருக்கு ஐந்து மார்க்

உலகத்தில் இதுவரை வந்த கருவிகளிலேயே நம்பகமானது ஜெகதீஷின் மூக்கு.

இது ஜெகதீஷே சொன்னது. கேண்டீனில் சாம்பார் சாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், தேர்வு முடிவு அறிவிக்கிற குரலில் சொல்வான்.

"தராசுன்னா வருஷா வருஷம் முத்திரை குத்தணும். தெர்மாமீட்டர்னா ஒதறணும். என் மூக்கு பொறந்ததுலேர்ந்து ஓடிக்கினே கீது. ஒருநாள் சர்வீஸுக்கு வுட்டிருப்பனா?"

"வுட்றாதண்ணா," என்பான் பின்னால் நிற்கிற ஸ்ரீதர். "அந்த சைஸுக்கு ஸ்பேர் கெடைக்காது."

ஜெகதீஷின் பெருமைக்கு அரசாங்க முத்திரை இல்லையே தவிர, கம்பெனி முத்திரை இருந்தது. அவன் வேலை பார்த்தது ஒரகடத்தில் காருக்கு சீட் செய்யும் தொழிற்சாலையில். புதுக் காரின் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, ஜனங்கள் கண்ணை மூடி உள்ளே இழுத்துக்கொள்வார்களே, அது தானாக வருவதில்லை. வரக்கூடிய நாற்றங்களையெல்லாம் யாரோ முன்கூட்டியே முகர்ந்து, திருப்பி அனுப்பிய பிறகு மிச்சம் இருப்பதுதான் அது. சீட்டுக்குப் போடுகிற துணி, ஃபோம், பசை எல்லாவற்றிலும் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி ஜாரில் போட்டு மூடி, சூட்டடுப்பில் வைப்பார்கள். சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி வைத்த காருக்குள் என்ன நாறுமோ அது அந்த ஜாருக்குள் நாறும். ஐந்து பேர் வரிசையாக மூடியைத் திறந்து முகர்ந்து மார்க் போட வேண்டும். கண் பார்த்து மூக்குக்குச் சொல்லிவிடக் கூடாது என்று ஜாரைச் சுற்றி வெள்ளித்தாள், வாயில் பொடி ஓட்டை போட்ட ஒரு தட்டு. ஒன்று என்றால் வாசனையே இல்லை. ஆறு என்றால் மனுஷன் உட்கார முடியாது. மூன்று பேர் நாலைத் தாண்டினால் சரக்கு திரும்பிப் போகும். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். இங்கே மார்க் குறைந்தால்தான் பாஸ்.

அந்த ஐந்து மூக்குகளில் தலைமை மூக்கு ஜெகதீஷ்.

அதற்கு முன்னால் அவன் ஃபோம் லைனில் இருந்தான். கொதிக்கிற அச்சிலிருந்து ஃபோமைப் பிடுங்கி எடுக்கிற வேலை. கையுறைக்குள் கை வெந்து, ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்காரன் எழுந்து நிற்பான். இப்போது ஏசி ரூம், வெள்ளைச் சுவர், வெள்ளை மேஜை. அந்த அறைக்குள் போகிறவர்கள் சென்ட் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, தலைக்கு எண்ணெய் தடவக் கூடாது, முதல் நாளே பூண்டையும் மீனையும் மறந்துவிட வேண்டும். துறவிக்குரிய நிபந்தனைகள்தான். ஆனால் விட்டு வந்த ஃபோம் லைனை நினைத்தால் ஜெகதீஷ் காவியே கட்டத் தயார்.

அறை வாசலில் ஒரு பலகை. அதில் ஐந்து பேருடைய பெயரும் தனித்தனி அட்டையில் தொங்கும். அன்றைக்குச் சளி, தலைவலி, மூக்கு சரியில்லை என்று யாருக்குத் தோன்றினாலும், உள்ளே வருமுன் தன் அட்டையைத் திருப்பிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. அது அந்த அறையின் சட்டம். ஜெகதீஷ் கேட்பான்.

"இன்னாடா, குப்புறப் படுத்துட்டியா?" என்பான், ஸ்ரீதரின் அட்டையைப் பார்த்து.

"நேத்து மச்சான் வூட்டு விசேஷம்ணா. பிரியாணி."

"பிரியாணிக்கே பயப்பட்ற மூக்கு. அதை மொகத்துல வெச்சுக்கினு சுத்தற நீயி."

அவனுடைய அட்டை ஒருநாளும் திரும்பியதில்லை. தும்மிக்கொண்டே வந்து மார்க் போட்டிருக்கிறான். மூக்கடைப்போடு போட்ட மார்க்குக்குத்தான் மதிப்பு அதிகம், எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டுவதுபோல என்று விளக்கமும் வைத்திருந்தான்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில், மண்ணூரிலிருந்து வந்த துணி ரோலில் அந்த நாற்றம் முதன்முதலாகத் தென்பட்டது.

ஜெகதீஷ் ஜாரை நோக்கிக் குனிந்தான். குனிவது அவன் பாணி. ஜாரைத் தொடமாட்டான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்க்கிறவன்போல் தலையைக் கவிழ்ப்பான். அன்று கவிழ்த்தவன், கன்னத்தில் அறை வாங்கினவன்போல் நிமிர்ந்தான்.

"ஈரச் சாக்கு," என்றான். "அதுக்குள்ள செத்த எலி. பின்னாடி லேசா கருவாடு."

பேசக் கூடாது என்பதும் சட்டம்தான். தலைமை மூக்கு பேசினால் அது பேச்சு இல்லை, வழிகாட்டுதல். அவன் ஐந்து போட்டான். ஸ்ரீதரும் மற்ற இருவரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே முகர்ந்து, நாலரைக்கும் நாலுக்கும் நடுவில் எங்கேயோ நின்றார்கள். கடைசியாக இருந்தவள் சசிரேகா. காஞ்சிபுரம் பக்கத்துப் பெண், சேர்ந்து இரண்டு மாதம்தான். நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஜாரைக் கையில் எடுத்து மூக்குக்கு நேராகத் தூக்கி முகர்ந்தாள்.

"இன்னாமா, டீயா குடிக்கிற? பிஸ்கெட் எதுனா வேணுமா?"

"குனிஞ்சா தல சுத்துதுண்ணா," என்றாள் அவள். இரண்டு போட்டாள்.

"ரெண்டா? எலி செத்துக் கெடக்குது, ரெண்டுங்கற."

"எனக்குத் துணி வாசனைதாண்ணா வருது."

ஜெகதீஷ் கூரையைப் பார்த்தான். எல்லோருக்கும் கடவுள் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை என்ற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது.

சரக்கு திரும்பிப் போனது. இரண்டாம் நாளே மண்ணூர் யூனிட் முதலாளி வரதராஜன், ஒரு துணி ரோலைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டில் ஜெகதீஷுக்காக வந்து நின்றார். முதலாளி என்றால் ஒரு தகர ஷெட், இரண்டு மெஷின், பத்துப் பதினைந்து பெண்கள்.

"சார், எலின்னு சொல்லிட்டீங்களாம். நம்ம ஷெட்ல எலியே கெடையாது சார். ரெண்டு பூனை வெச்சிருக்கேன்."

"அப்போ பூனையைப் பாருங்க."

வரதராஜன் அதை யோசித்தார். "கருவாடுன்னும் சொன்னீங்களாமே."

"லேசாத்தான்."

"பொம்பளைங்க மத்தியானச் சோத்துக்குக் கொண்டாருவாங்க சார். இனிமே வாணாம்னு சொல்லிட்றேன்."

அவர் சொன்னபடி செய்தார். கருவாட்டுக்குத் தடை போட்டார். பசையை மாற்றினார். பூனைகளை வாலாஜாபாத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த லாட் துணி வந்தது. ஜெகதீஷ் குனிந்தான். எலி அப்படியே இருந்தது.

சசிரேகா மறுபடியும் இரண்டு. இதைக் கவனித்த லேப் பொறுப்பாளர் ராஜலட்சுமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதிகம் பேசாத பெண்மணி அவர். புதுப் பெண்ணுக்கு மூக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட, அடுத்த முறை ஜார்களுக்கு நடுவே ஒரு காலி ஜாரையும் சூடாக்கி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

முடிந்த பிறகு எல்லோரையும் நிற்கச் சொன்னார்.

"மூணாவது ஜார். ஜெகதீஷ், என்ன வந்துச்சு?"

"மண்ணூர் துணி மேடம். அதே எலி. இப்போ ஊறிப்போய்ப் பக்கத்து ஜாருக்கும் பரவிக் கீது. அஞ்சு."

"ஸ்ரீதர்?"

"நாலு மேடம்."

"சசிரேகா?"

சசிரேகா தயங்கினாள். "ஒண்ணு மேடம். எனக்கு ஒண்ணுமே வரல. மன்னிச்சுக்கங்க."

"மன்னிக்க ஒண்ணுமில்ல. அதுல ஒண்ணுமே போடல."

எல்லாத் தலையும் மூன்றாவது ஜாரை நோக்கித் திரும்பியது.

"ஜாரைச் சரியா கழுவிருக்க மாட்டாங்க மேடம்," என்றான் ஜெகதீஷ்.

"புது ஜார். காலைலதான் பெட்டியைப் பிரிச்சேன்." ராஜலட்சுமி ஸ்ரீதரிடம் திரும்பினார். "ஒனக்கு எப்படி நாலு வந்துச்சு?"

"அண்ணன் மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன் மேடம். அஞ்சு போட தைரியம் வரல. அதான் நாலோட நிறுத்திக்கினேன்."

ராஜலட்சுமி மார்க் தாள்களை வாங்கி அடுக்கினார். பிறகு, கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது, அதற்கு முன்னால், மாதக் கடைசித் திங்கட்கிழமை, ஐந்து பேருக்கும் பரீட்சை என்றார். காலி ஜாரும் அதில் இருக்கும். யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்தான் இனி தலைமை. "மறுபடியும் காலி ஜார்ல யாராவது எலி பிடிச்சா, ஃபோம் லைன்ல ஆள் பத்தலைன்னு கேட்டுட்டே இருக்காங்க."

யாராவது என்றுதான் சொன்னார். எல்லோரும் ஒருவனைத்தான் பார்த்தார்கள்.

மூக்குடைந்தவன் வழக்கமாகச் செய்வதை ஜெகதீஷும் செய்தான். மூக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான். காலி ஜாரில் எலி இல்லையென்றால் அறையில் இருக்க வேண்டும். மெயின்டெனன்ஸ் மாரிசெல்வத்தைக் கூட்டிவந்து, ஏசி குழாயைப் பார்க்கப் பொய்க்கூரையின் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றவைத்தான். மாரிசெல்வம் தூத்துக்குடிக்காரன். ஏணிமேல் நின்று டார்ச் அடித்தான்.

"அண்ணே, எலியும் இல்ல, எலிக் குஞ்சும் இல்ல. ஒத்தக் கையுறை ஒண்ணு கெடக்கு."

"நல்லா பாரு மாரி. மூலைல."

"மூலையிலதான் நிக்கேன். வேணும்னா ஏறி வந்து நீங்களே மோந்துக்கிடுங்க."

ஏறினான். கூரை இடுக்கில் தலையை விட்டு நிமிர்ந்து முகர்ந்தான். தூசி, தகரம், ஒயர் வாசனை. எலி இல்லை. இறங்கி, ஏணியடியில் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தான். எலி இருந்தது. ஆச்சரியமாக இருந்தது. தரையைப் பெருக்கச் சொன்னான்.

குன்றத்தூரில் வீடு. அங்கேயும் எலி வந்துவிட்டது. ஷூ லேஸ் அவிழ்க்கும்போது ஹாலில் இருந்தது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருந்தது. மனைவி ஐஸ்வர்யா அரைத்து வைத்த மாவைத் தூக்கிக் கொட்டினான், அடுத்த நாள் கத்திரிக்காயை. அதற்கும் அடுத்த நாள், கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தவனை அவள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனில நாறுது. பஸ்ல நாறுது. கோயில் படிக்கட்டுல செருப்பு வுட சொல்லோ நாறுதுன்ன. இப்போ வூட்ல நாறுது. அப்படித்தான?"

"ஆமா."

"இத்தனை எடத்துலயும் பொதுவா இருக்கறது இன்னா, யோசிச்சியா?"

"இன்னா?"

"நீதாம்ப்பா."

ஒரு மனிதன் கட்டிலுக்கடியில் இருக்கும்போது அவனிடம் உண்மையைச் சொல்வது நியாயமில்லை. ஆனால் ஜெகதீஷுக்குக் கோபம் வரவில்லை என்பதுதான் விசேஷம். அவனுக்கு ஆர்வம் வந்தது. ஃபோம் லைன் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த எலி எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது. எத்தனையோ நாற்றத்துக்கு விலாசம் கண்டுபிடித்தவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படி மேடைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்தான், நிமிர்த்தினான். உள்ளே ஒன்றுமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தான். எலி. இடது மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தான். எலி போய்விட்டது. வலது மூக்கைப் பொத்தினான். வந்துவிட்டது. டம்ளரைக் கையில் எடுத்து, தலையைக் குனியாமல் மூக்குக்கு நேராகத் தூக்கினான். ஒன்றுமே இல்லை. எவர்சில்வர் வாசனை மட்டும். கீழே வைத்துக் குனிந்தான். எலி. தூக்கினான். இல்லை.

கடைசியாக, டம்ளரே இல்லாமல், வெறும் தரையைப் பார்த்துக் குனிந்தான்.

எலி வந்தது.

"அதான் குனிஞ்சுட்டியே," என்றாள் ஐஸ்வர்யா, வாசலிலிருந்து. "அப்படியே வெளிய வந்தா ஒரு கோலம் போட்டுட்லாம்."

"ஐசு, எலி உள்ள கீது."

"எந்த உள்ள?"

அவன் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனான். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும்தானா என்று கேட்டார். குனிந்தால் அதிகமா என்றார். பிறகு, "மேல் பல்லு எப்படி இருக்கு?" என்றார்.

"நான் மூக்குக்கு வந்தேன் சார்."

"தெரியுது. ஒரு பக்கம் மட்டும் இப்படி நாறினா நான் முதல்ல மேல் பல்லைத்தான் சந்தேகப்படுவேன். வாய் முழுக்க ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க."

இதை மறுநாள் கேண்டீனில் ஜெகதீஷ் நடித்தே காட்டினான். "மூக்கு நாறுதுன்னு போனா பல்லைப் புடிக்கிறாரு. நாளைக்குக் கண்ணு வலின்னா முட்டியைத் தட்டுவாரு. நான் ஞானப் பல்லுகூட மொளைக்காத ஆளு. கடசிப் பல்லு எனக்கு மேல வரவே இல்ல, தெரியுமா? இல்லாத பல்லு எப்படிடா நாறும்?"

"இல்லாத எலி நாறல?" என்றான் ஸ்ரீதர்.

பல் டாக்டர் கவியாவுக்கு அவன் வயதுதான் இருக்கும். அவனை நிற்கவைத்து, ஒரு மெஷின் கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் அவன் தலையை வலம் வந்தது. படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினாள். ஜெகதீஷின் பற்கள் அத்தனையும் ஒரே சிரிப்பாகச் சிரித்தன. தன் மண்டையோடு இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"கடைசிப் பல் மொளைக்கலைன்னு சொன்னீங்க இல்ல? மொளைச்சிருக்கு." பேனா முனையை இடது கன்னத்தின்மேல் வைத்தாள். "இங்க."

பல் அங்கே இருந்தது. வரிசையில் இல்லை. வரிசைக்கு மேலே, தனியாக, படுத்துக்கொண்டு, தலையை மேல்நோக்கி நீட்டிக்கொண்டு.

"இது எங்க போவுது?"

"அதான் கேள்வி. கன்னத்து எலும்புக்குள்ள ஒரு காத்து ரூம் இருக்கு. மூக்குக்குப் பின்கதவு வழியா அதுக்குத் தொடர்பு. ஒங்க பல் கீழ எறங்க வேண்டியது, திசை மாறி அந்த ரூமோட தரையைத் தொளைச்சுட்டு உள்ள எட்டிப் பாக்குது. அதைச் சுத்திச் சீழ் கட்டி, ரூம்ல தேங்கியிருக்கு. நிமிந்து இருந்தா அப்படியே நிக்கும். நீங்க குனிஞ்சா மூக்குப் பக்கம் வழியும். நாறும்."

ஜெகதீஷ் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பல்லின்மேல் அவனுக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. எல்லாப் பற்களும் சோற்றைப் பார்த்து இறங்கியபோது, ஒன்று மட்டும் எதிர்த்திசையில் என்ன இருக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டிருக்கிறது.

"டாக்டர், ஒரு சந்தேகம். அந்த நாத்தம் பொய்யா, நெஜமா?"

"நெஜந்தான்."

"அப்போ என் மூக்கு கரெக்ட்டு."

கவியா பேனாவை மூடினாள். "ரொம்பக் கரெக்ட்டு. சாம்பிள்தான் வெளிய இல்ல."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து, நோயாளி விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று அவள் சந்தேகப்பட்டு, மீதியை மெதுவாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். நாள் கடத்தக் கூடாது. எடுத்த பிறகு சில வாரம் மூக்கு சிந்தக் கூடாது, குனியக் கூடாது, அழுத்தித் தும்மக் கூடாது. முகர்கிற வேலை அதுவரை கூடவே கூடாது.

திங்கட்கிழமை பரீட்சை.

வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதே ஜெகதீஷ் கணக்குப் போட்டுவிட்டான். பல்லை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமைக்கு ஒரே ஒரு தந்திரம் போதும். குனியக் கூடாது. டீ குடிப்பதுபோல் ஜாரைத் தூக்கிக்கொண்டால் எலி வராது, வலது மூக்கு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். காலி ஜார் காலி ஜாராகத் தெரியும். தலைமை நாற்காலி தப்பும். இரண்டு நாள் டம்ளரை வைத்துப் பயிற்சி எடுத்தான். ஐஸ்வர்யா டம்ளருக்குள் ஒருமுறை சோம்பு, ஒருமுறை பெருங்காயம், ஒருமுறை ஒன்றுமில்லாமல் மூடிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான்.

"பாஸ் பண்ணிடுவ," என்றாள் அவள். "அந்த மண்ணூர்க்காரருக்கு நீ இன்னா மார்க் போடுவ?"

"ரெண்டு. நல்ல துணி அது."

"போன தபா அஞ்சு, இந்த தபா ரெண்டு. ஏன்னு கேட்டா?"

"எலி போயிடுச்சுன்னு சொல்லுவேன். அவுரு பூனையை மாத்துனதுல சரியாயிடுச்சுன்னு."

அவள் டம்ளரைக் கழுவப் போனாள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதற்கென்று தெரியாமல் மண்ணூர் பக்கம் வண்டியை விட்டான். எதற்கென்று தெரியாமல் என்பது அவன் பின்னால் ஐஸ்வர்யாவிடம் சொன்னது. தூறிக்கொண்டிருந்தது. தகர ஷெட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஓவர்டைம் வந்த பெண்கள் ரோட்டோரம் ஒரு புங்கமரத்தடியில், ஒரு தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெட் பத்தடி தள்ளி, உள்ளே காய்ந்துபோய்க் காற்றாடிக்கொண்டிருந்தது.

அவன் வண்டியை நிறுத்தினான்.

"ஏம்மா, உள்ள உக்காந்து சாப்பிடக் கூடாதா?"

"கூடாதாம்," என்றாள் வயதில் மூத்தவள். செங்கமலம் என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். "ஒரகடத்துல எவனோ ஒருத்தன் கீறானாம். நாங்க இங்க கருவாடு துண்ணா அவனுக்கு அங்க மூக்குல ஏறுதாம்."

"ஆம்பளையாம், அதுக்கே சம்பளமாம்," என்றாள் இன்னொருத்தி. "எங்க மாமியாருக்குக்கூட அப்படி மூக்கு. அதுக்கு யாரும் சம்பளம் தரல."

தார்ப்பாய் குலுங்கச் சிரித்தார்கள். ஜெகதீஷும் சிரித்தான். வேறு வழியில்லை.

"நீ யாருப்பா? நனையறியே. உள்ள வா. சாப்ட்டியா?"

இல்லை என்று சொல்லிவிட்டான், அது உண்மையாக இருந்ததால். ஒரு மூடியில் சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் அவன் கைக்கு வந்தது. நாளைக்குப் பரீட்சை. மீனை இன்றே மறந்திருக்க வேண்டும். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்குக்கு நேராகத் தூக்கினான். புளி, நல்லெண்ணெய், வெந்தயம், கொஞ்சம் கடல். இவ்வளவு நாள் இதையா எலிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன் என்று தோன்றியது. இதற்கு மார்க்கே போட முடியாது. முழுக்கச் சாப்பிட்டான். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான்.

ஷெட்டுக்குள்ளிருந்து வரதராஜன் அவனைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "சார், நீங்களா? மழையில... எதுனா தப்பா?"

பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். செங்கமலம் முதலில் அவன் மூக்கைப் பார்த்தாள், பிறகு அவன் கையிலிருந்த மூடியை.

"தப்பு ஒண்ணுமில்ல," என்றான் ஜெகதீஷ். வேறு என்ன சொல்வது என்று தேடினான். கிடைத்ததைச் சொன்னான். "உள்ள உக்காந்து சாப்பிடச் சொல்லுங்க. கருவாடு இல்ல அது. என் பல்லு."

வரதராஜன் தலையாட்டினார். புரிந்ததுபோல் தெரியவில்லை. ஆனால் பூனைகளைத் திரும்பக் கூட்டிவரலாமா என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை ஜெகதீஷ் சீக்கிரமே போனான். ராஜலட்சுமி மேஜைமேல் எக்ஸ்ரே உறையை வைத்தான். அவர் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது யாரு?"

"நான்தான் மேடம். இடது பக்கம் மேல பாருங்க. மண்ணூர் லாட்டுக்கு அஞ்சு போட்டது அதுதான். அந்த மார்க்கையெல்லாம் எடுத்துட்டு, மத்தவங்களை மறுபடி மோந்து பாக்கச் சொல்லுங்க. என் மூஞ்சி தெரியாத எடமா உக்கார வெச்சு."

ராஜலட்சுமி படத்தைத் திருப்பினார், தூரமாகப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "பல்லு ஏன் இப்படி மேல போகுது?" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆர்வம் இருந்தது.

"அதை இன்னும் யாரும் சொல்லல மேடம்."

"இன்னிக்கு நீ எழுதலைன்னா, தலைமை வேற ஆளுக்குப் போயிடும். தெரியும்ல? அடுத்தது எப்போன்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் ஒன்னை எங்க போடுவாங்கன்னும் சொல்ல முடியாது."

"தெரியும் மேடம்."

அவர் பரீட்சைக்கான ஆறு ஜார்களையும் அடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வரிசையாக வைக்கப் போனார். வெளியே ஷிப்ட் பஸ் வந்து நிற்கிற சத்தம். படிக்கட்டில் ஸ்ரீதரின் குரலும் சசிரேகாவின் குரலும் ஏறி வந்துகொண்டிருந்தன. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளித்தாளுக்குள் ஆறும் ஒரே மாதிரி இருந்தன. எது காலி என்று தெரிந்துகொள்ள அவனுக்குத் தாங்க முடியாத ஆசையாக இருந்தது.

அவர்கள் மேலே வந்து சேருமுன், ஜெகதீஷ் வாசல் பலகையில் தன் பெயர் எழுதிய அட்டையைத் திருப்பிப் போட்டான். அது கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. நேராக்கினான்.

"இன்னாண்ணா," என்றான் ஸ்ரீதர் பின்னாலிருந்து. "பிரியாணியா?"

"உள்ள போடா," என்றான் ஜெகதீஷ். "ஜார் ஆறுது."